நைனா தேர்ந்தெடுத்த டயர்

என் காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் தலைக்கு மேல் வானம்தான். எனக்கு முன்பே ஒருவர் ஓட்டித் தள்ளிய, மஞ்சள் நிறப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். மீன்காரி மகளுக்கு இது எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னேன்: பிடித்திருந்தது, வாங்கினேன். அதற்கு மேல் கேட்டால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

சென்னையில் ஓர் இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் எனக்கு வேலை. லீவு கிடைத்தால் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் தோணிரேவுக்கு வந்துவிடுவேன். எங்கள் தெருவுக்குள் அந்தத் தாழ்ந்த வண்டி நுழையாது, அடியில் மண் தட்டும். அதனால் பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறை வாசலில் நிறுத்திவிட்டு நடந்து போவேன். கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் மண்டையோடு செதுக்கிய கல்லை விட்டுவிட்டு என் கார் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். காவலாளிக்கு அதில் பெரிய மனக்குறை.

என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஊரே தொட்டுப் பார்த்த அந்தக் காரை அவர் மட்டும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. என் கார் என்று இல்லை, சக்கரம் வைத்த எதிலும் அவர் ஏறுவதில்லை. அம்மா போன பிறகு இப்படித்தான். உறவில் கல்யாணம் என்றால் ஏரி வழியாகப் படகில் போக முடிந்த ஊருக்குத்தான் போவார். மற்றவர்களுக்கு வாழ்த்து மட்டும் போகும். சென்னையில் நான் குடியிருக்கும் வீட்டை அவர் பார்த்ததே இல்லை. என் வீட்டுக் கதவைத் திறந்து அவரை உள்ளே விட வேண்டும், என் அடுப்பில் ஒரு வாய் காபி போட்டுக் கொடுக்க வேண்டும், இவ்வளவுதான் என் ஆசை. சின்ன ஆசைதான். ஆனால் ரோட்டில் ஏறி வர அவர் சம்மதிக்கவேண்டுமே.

அம்மா படகுகள் கரையேறும் ரேவில் மீன் எடுத்து, மற்றப் பெண்களோடு ஒரு குட்டி வேனில் பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள். ஒரு மழைக்காலைப் பொழுதில் அந்த வேன் ரோட்டில் வழுக்கிக் கவிழ்ந்தது. மற்றவர்கள் கைகால் முறிவோடு தப்பினார்கள், அம்மா தப்பவில்லை. ஏரியில் வலை கட்ட எங்களில் முறை வைத்து ஆளுக்கொரு நாள் விடுவார்கள், அதற்குப் பாடு என்று பெயர். அன்று நைனாவின் பாடு. அவர் கரைக்கு வந்தபோது அம்மாவை வீட்டில் கிடத்தியிருந்தார்கள்.

வேன் ஓட்டியவன் எங்கள் ஊர்க்காரன்தான். அவனும் சாவுக்கு வந்து, பந்தலில் ஓரமாக உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. காற்றில் போனவன் வீட்டில், அதாவது கடலில் காற்றடித்துச் செத்தவன் வீட்டில், ஏன், எப்படி என்று கேட்கக் கூடாது. அன்றைக்கு ஏன் கடலுக்குப் போனான், கூடப் போனவன் ஏன் கயிறு எறியவில்லை என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தால் மறுநாள் ஒரே படகில் யாரும் யாரோடும் ஏற முடியாது. நியாயமான வழக்கம்தான், தண்ணீருக்கு. அதை அப்படியே தூக்கி ரோட்டுக்கும் வைத்துவிட்டார்கள்.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்த வேனைப் போய்ப் பார்த்தேன். டயர் நான்கும் மொட்டையாக இருந்தன. வீட்டுக்கு வந்து கத்தினேன். அத்தை என் வாயைப் பொத்திப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். "காத்தப் போயி கேப்பியாமே நீ? வாய மூடு. ஒங்க நைனா காதுல வுழப் போவுது" என்றாள். அவர் காதில் விழவில்லை. டயர் வழுக்கிவிட்டது என்று மட்டும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். சக்கரம் என்றால் மழையில் வழுக்கும், அது அதன் குணம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நான் எடுத்துக்கொண்டது வேறு. அன்றிலிருந்து எந்த வண்டியைப் பார்த்தாலும் என் கண் முதலில் டயருக்குத்தான் போகும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்களை ஜாதகம் மாதிரி படிப்பேன். எந்த வருஷம் செய்தது, எவ்வளவு வேகம் தாங்கும், எவ்வளவு சீக்கிரம் தேயும், எல்லாம் அதில் இருக்கும். மென்மையான ரப்பர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் கரைந்துபோகும். கெட்டி ரப்பர் நாள்பட உழைக்கும், ஆனால் வளைவில் கைவிட்டுவிடும். வெயிலில் கெட்டிக்காரனாக இருப்பது மழையில் சொதப்பும். எல்லாவற்றுக்கும் நல்ல டயர் என்று ஒன்று கிடையாது. எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

காருக்கு டயர் மாற்றும் வேளை வந்தது. சாப்பிடும்போது அதை யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தேன். நைனா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"வழுக்காத டயருன்னு ஒண்ணு இக்குதா?"

எனக்குப் புரை ஏறிவிட்டது. இத்தனை வருஷத்தில் சக்கரத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"இக்குது நைனா. நீயே பாத்துச் சொல்லு. நீ எதச் சொல்றியோ அதப் போடறேன். போட்டா வர்றியா?"

"எடுத்தாந்து காட்டு. பாக்கலாம்."

சென்னையில் தெரிந்த டயர் கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு டயர்களை வாங்கிக்கொண்டு வந்தேன். என் காரில் டிக்கி என்பது பேருக்குத்தான். அதனால் இரண்டையும் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டேன். வழியில் டோல்கேட்டில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "பேசஞ்சர் ரொம்ப அமைதி போல மேடம்" என்றாள்.

ஒன்று, மழைக்கென்றே யோசித்துச் செய்தது. நடுவில் ஆழமான பள்ளங்கள், பக்கங்களில் கிளை கிளையாகக் கீறல்கள். நான் மனதுக்குள் எடுத்துவைத்திருந்தது அதுதான். மற்றது பந்தயத் தடத்துக்காகச் செய்தது. மெத்தென்ற ரப்பர், அங்கங்கே நாலு கோடு, மீதியெல்லாம் வழவழப்பு. ஒப்பிட்டுக் காட்டினால் நல்லது எது என்று சட்டென்று புரியும் என்று நினைத்துத்தான் அதையும் கொண்டுவந்தேன். என் புத்திசாலித்தனம் அப்படி.

நைனா இரண்டையும் ரேவுக்கு உருட்டிவரச் சொன்னார். ஒரு படகின் பலகையில், மீன் கொழகொழப்பு காயாத இடமாகப் பார்த்து வைத்தார். ஏரித் தண்ணீரை மொண்டு ஊற்றினார். ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். பள்ளம் போட்ட டயர் சரக்கென்று நகர்ந்தது. வழவழ டயர் பலகையைக் கவ்விக்கொண்டு நின்றது.

"இதான்" என்றார்.

"நைனா, அதுல தண்ணி போறதுக்கு வழி இல்ல. ரோட்டுல தண்ணி நின்னா..."

"பள்ளம் எதுக்குமே? சேறு தங்கறதுக்கா? ஈரப் பலகையில செருப்பு போட்டுகினு நின்னு பாரு, மல்லாக்க வுழுவ. வெறுங்காலு தான் புடிக்கும். காலுல இன்னா பள்ளமா வெட்டி வெச்சிக்கீது?"

ஆயுசு முழுக்க ஈரப் பலகையில் விழாமல் நின்ற மனுஷன். அவர் பாதத்தைக் காட்டிப் பேசும்போது நான் எந்தக் கணக்கைச் சொல்லி மறுப்பது? மெதுவாகத் தள்ளும்போது அவர் சொல்வது உண்மைதான். வேகமாகப் போகும் சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து வண்டியையே தூக்கிவிடும் என்பதை அந்தப் பலகையில் காட்ட முடியாது. நான் தயங்கியதைப் பார்த்து அவர் முகம் மாறியது. "இதப் போட்டா வரேன். இல்லாங்காட்டி வுடு" என்று எழுந்துவிட்டார்.

வழவழ டயரையே போட்டேன். "வெயில்ல பல்லி மாதிரி ஒட்டும் மேடம். மழையில மட்டும் இத நம்பாதீங்க" என்று கடைக்காரர் சொன்னார். மழை இல்லாத நாளாகப் பார்த்து அவரைக் கூட்டிப்போனால் தீர்ந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதுப் படகுக்கு வெள்ளோட்டம் விடுகிற மாதிரி, முதலில் ஆந்திர எல்லைப் பக்கம் எளாவூர் செக்போஸ்ட் வரை போய் வருவது, எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த வாரம் சென்னைக்கு என்று முடிவானது. ரேவில் நின்று காற்றைப் பார்த்து, இன்றைக்கு மழை கிடையாது என்று நைனாவே சொன்னார். கல்லறை வாசலில் காருக்குள் உட்கார்ந்தவர், "இன்னாமே, தரையிலயே குந்தினாப்புல இக்குது" என்றார். பெல்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பொன்னேரி தாண்டியும் பிடியை விடவில்லை. ஹைவேயில் ஏறி வேகம் பிடித்ததும் காற்று முகத்தில் அடித்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். பெல்டை விட்டிருந்தார். வாயைத் திறந்து காற்றை வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. என் வீட்டில் எந்தத் தலையணையை அவருக்குக் கொடுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

ரேவில் பார்த்த காற்றுக் கணக்கு ரேவுக்குத்தான் செல்லும். எளாவூருக்கு முன்னால் மேற்கே கறுத்துக்கொண்டு வந்து, பெரிய பெரிய துளியாகக் கொட்ட ஆரம்பித்தது. நான் காரை ஒரு டீக்கடைப் பக்கம் ஒதுக்கி, கூரையை இழுத்துப் போட்டேன். இறங்கிக் கடைக்குள் ஓடினோம்.

"இன்னாத்துக்கு நிறுத்தின? அதான் புடிக்கிற டயராச்சே."

"மழை வுடட்டும் நைனா" என்று மட்டும் சொன்னேன்.

டீக்கடையை ஒட்டி ஒரு பஞ்சர் கடை. ரோட்டில் செக்போஸ்ட்டுக்கு வரிசை கட்டிய லாரிகள் தண்ணீரில் ஊர்ந்துகொண்டிருந்தன. நைனா டீயைக் குடிக்காமல் அவற்றின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சக்கரமும் தண்ணீரைத் தன் பள்ளங்களில் வாங்கிப் பின்னால் பீய்ச்சிக்கொண்டு போனது. வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து நனைந்துகொண்டே போய் என் காரின் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"பள்ளம் தண்ணி போறதுக்கா?"

"ஆமா நைனா."

"இதுல தண்ணி எங்க போவும்?"

"போவாது. அடியில நின்னுகினு வண்டியத் தூக்கும். அதான் நிறுத்தினேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பஞ்சர் கடை வாசலில் குவித்திருந்த பழைய டயர்களில் ஒன்றைக் காட்டினார். தேய்ந்து தேய்ந்து நூல் தெரிந்தது.

"இது புதுசா இருந்தப்போ பள்ளம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. தேஞ்சுட்டா மாத்தணும். மாத்தாம ஓட்டறானுங்க."

"ஒங்கம்மா போன வண்டி?"

அத்தையின் கை என் வாய் மேல் இருப்பது மாதிரியே இருந்தது. அதைத் தள்ளிவிட்டேன்.

"மொட்ட டயரு நைனா. நாலும். நான் பாத்தேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தார். மழைச் சத்தத்தில் அவர் கேட்டது எனக்கு முதலில் சரியாகக் காதில் விழவில்லை. திரும்பக் கேட்டார்.

"அப்போ, மாத்தியிருந்தா அவ இருந்திருப்பாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வயசான மனுஷன், காற்று கொண்டுபோனதாக நினைத்து இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறார். அந்தத் தூக்கத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்? ஆனால் கேட்டது அவர். எங்கள் ஊரில் யாருமே கேட்காத கேள்வியைக் கேட்டவருக்குப் பொய் சொல்ல எனக்கு நா எழவில்லை.

"இருந்திருப்பா நைனா."

அவர் அழுதார். சாவு வீட்டில்கூட அழாதவர், முன்பின் தெரியாத டீக்கடை பெஞ்சில், லாரிக்காரர்கள் பார்க்க, தோள் குலுங்க அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. கடைக்காரர் எங்களைப் பார்க்காத மாதிரி பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தார்.

மழை விட்டு வெயில் வந்தது. நைனா அவ்வப்போது ரோட்டோரம் போய்த் தாரில் வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரம்" என்று திரும்பி வந்தார். கடைசியாகத் தலையாட்டினார். காரில் ஏறித் தானே பெல்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"டயர மாத்து. அந்தப் பள்ளம் போட்டதே போடு."

"சரி நைனா. அடுத்த வாரம் மாத்திட்டு மெட்ராஸ் போலாம். நம்ம வூட்டப் பாக்கலாம்."

"மெட்ராஸ் அப்புறம். அந்த வேன்காரன் இப்போ பொன்னேரியிலதான இக்குறான்? மொதல்ல அங்க வுடு."

"அவன் வூட்டுக்கா? இன்னாத்துக்கு?"

"கேக்கணும்" என்றார்.