தம்பிக்கு நான் தேர்ந்தெடுத்த டிரம்ஸ்

என் தம்பியின் கையைக் கெடுத்தவள் நான். தெரியாமல் அல்ல... தெரிந்தே செய்தேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கு என் முகம் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்பா கோழிப்பண்ணை வைத்திருந்தார். எழுபதுகளின் கடைசியில் என்னைச் சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்த்தார். ஆண்டு விழாவில் பாடிய தோழிகளுக்கு நான் பாங்கோஸ் என்கிற இரட்டைக் கைமேளம் வாசித்தேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கை தானாகவே ஓடியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று! என் வாழ்நாளில் எனக்கென்று கிடைத்த ஒரே கைதட்டல்.

செய்தி ஊருக்குப் போய்விட்டது. அடுத்த வாரமே அப்பா வந்து பெட்டியைக் கட்டச் சொன்னார்.

“பொட்டப்புள்ள மேடையில உக்காந்து தட்டறதுக்கா சாமி உன்னையப் படிக்க அனுப்புனேன்? ஊட்டுக்கு வா.”

படிப்பு நின்றது. மறு வருடம் மோகனூரில் கட்டிக்கொடுத்தார்கள்.

தம்பி சேகர் எனக்கு ஏழு வயது இளையவன். கோழித் தீவனப் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு அவனுக்குத் தாளம் பழக்கியவளும் நான்தான். எண்பதுகளின் நடுவில் மெல்லிசைக் குழுக்களில் எலக்ட்ரானிக் டிரம்ஸ் வரத் தொடங்கியது. பாலிடெக்னிக் முடித்திருந்த சேகர் அது வேண்டுமென்று கேட்டான். அப்பா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“பையன் ஆசப்படறான். வாங்கிக் குடுத்துட்டாப் போவுது.”

அதே அப்பா! அதே வாய்!

சேகர் மோகனூருக்கே வந்து என்னை அழைத்தான். “எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க்கா. நீங்க கேட்டுப் பார்த்து எடுத்துக் குடுத்தாத்தான் வாங்குவேன்.”

அப்பா, சேகர், நான் மூவரும் பெங்களூர் போனோம். இசைக்கருவிக் கடையில் இரண்டு செட்டுகளை எடுத்து வைத்தார்கள். ஒன்று, வெறும் கறுப்பு ரப்பர்த் தட்டுகள் பதித்த பெட்டி. மற்றது, சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் மின்னுவது. கடையில் யார் யாரோ கிதாரை மீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இரைச்சல். சேகர் குச்சியை வாங்கி இரண்டிலும் ஆவேசமாக அடித்துப் பார்த்தான். பிறகு ஸ்டாண்டு பார்க்க உள்ளே போனான்.

நான் விரலால் தொட்டேன். கறுப்புப் பெட்டி மெல்லத் தட்டினால் மெல்லப் பேசியது. ஓங்கித் தட்டினால் முழங்கியது. விளக்குப் பெட்டிக்கு அந்தப் பேதமே இல்லை. இறகால் தொட்டாலும் சுத்தியலால் அடித்தாலும் ஒரே சத்தம். அதில் பழகுகிற கைக்கு மென்மை என்பதே வராது. இது எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது... பாருங்கள், என் காது அவ்வளவு நல்ல காது!

“கை வெக்காதீங்கம்மா, காஸ்ட்லி சாமான்” என்றார் கடைக்காரர்.

அப்பா சிரித்தார். “அது சும்மா வெளையாடுதுங்க. வாசிக்கறது எம் பையன்.”

சேகர் திரும்பி வந்தான். “எதுங்க்கா நல்லாருக்குது?”

அவன் கண்களைப் பார்த்துக்கொண்டே விளக்குப் பெட்டியைக் காட்டினேன். “புதுசாப் பழகறவங்களுக்கு இதுதான் தம்பி சரி.”

சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. ஏன் நடுங்கவில்லை? இத்தனை வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்...

இரண்டு வருடம் அவன் பழகினான். நான் தாய்வீடு போகும்போதெல்லாம் வாசித்துக் காட்டினான். தாளம் பிசகாது. ஆனால் எல்லா அடியும் ஒரே கனம். அப்போதாவது சொல்லியிருக்கலாம்! மாற்றி வாங்கியிருக்கலாம்! “நல்லா வருது தம்பி” என்றேன். முதல் பொய்யையாவது ஆத்திரத்தில் சொன்னேன். இந்தப் பொய்க்கு என்ன பெயர் வைப்பது?

சேலத்தில் ஒரு மெல்லிசைக் குழு, கல்யாண வரவேற்பு ஒன்றில் வாசித்துக் காட்டச் சொல்லி அவனை அழைத்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். பாடகி ஒரு தாலாட்டை எடுத்தாள். சேகரின் டிரம்ஸ் அதன்மேல் கல்லாக விழுந்தது. பாடகி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாதிப் பாட்டிலேயே குழுத்தலைவர் கையமர்த்தி அவனை நிறுத்தினார். அவர் ஆர்மோனியக்காரர், இந்த மாதிரிப் பெட்டியை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை. கருவியின் குறை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

“பாட்டுக்கு வாசிக்கணும் தம்பி. நீ ஆணி அடிக்கிறே” என்றார், அத்தனை பேர் முன்னால்.

திரும்பி வரும் பஸ்ஸில் சேகர் என் பக்கத்தில் உட்கார்ந்தான். ராசிபுரம் தாண்டியதும் சொன்னான்: “பொட்டி நல்லதுதானுங்க்கா. நீங்க பார்த்து எடுத்ததாச்சே. என் கைதான் மரக்கை.”

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது... அந்த வேளையிலும் எனக்குள் ஒரு மூலையில் ஒரு திருப்தி இருந்தது. சிறியதுதான். ஆனால் இருந்தது!

அவன் அதன்பிறகு குச்சியைத் தொடவில்லை. அந்த மாதமே திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, ஆழ்துளைக் கிணறு போட ஆந்திராவுக்கும் அதற்கு அப்பாலும் போனான். அப்பா தடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. வருடக்கணக்கில் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்றான். பூமியைக் குடையும் அந்த இரைச்சல் அவன் காதுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது கத்தினால்தான் கேட்கும்.

எனக்கு மேடை இல்லாமல் செய்தவர் அப்பா. அவரை நான் ஒன்றும் செய்யவில்லை. என்னை நம்பியவனைப் பார்த்து அடித்தேன். இது என்ன நியாயம்?

சென்ற ஆடியில் சேகர் மோகனூர் வந்திருந்தான். மதியம், வீட்டில் வேறு யாரும் இல்லை. இலை போட்டு எதிரில் உட்கார்ந்தேன். தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னையறியாமல் வாய் திறந்தது. “அன்னைக்கு அந்தப் பொட்டிய நான் வேணும்னேதான் காட்டுனேன் தம்பி...” என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவன் நிமிர்ந்தான். என் உதடுகளைப் பார்த்தான்.

“ஏதோ சொன்னீங்களேங்க்கா? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

சத்தமாக... அது ஒன்றுதான் அவன் கேட்டது.

“இன்னுங் கொஞ்சம் சோறு வெக்கட்டுமான்னு கேட்டேன்!” என்று கத்தினேன்.

“போதுங்க்கா, வயிறு நெறஞ்சுருச்சு” என்று சிரித்தான்.

அவன் போதும் போதும் என்று கையால் மறைக்க மறைக்க, நான் போட்டுக்கொண்டே இருந்தேன்.