பாறணை இல்லாத விரதம்

லண்டனில் பனி எங்கே கொட்டுகிறது, பனிச்சறுக்குப் பாய்தல் பழக்குகிறேன் என்கிறாயே என்று சொந்தக்காரர் சிரிப்பார்கள். கொட்டுவதில்லைதான். நகரத்தின் ஓரத்தில் ஒரு மேட்டில் பிளாஸ்டிக் தும்பு விரித்த சரிவு இருக்கிறது. தண்ணீர் தெளித்தால் பனி மாதிரியே வழுக்கும். நடுவில் சின்ன மரமேடை. பிள்ளைகள் மேலேயிருந்து குனிந்தபடி சறுக்கி வந்து, மேடை நுனியில் எழும்பிப் பறந்து, கீழே இறங்க வேண்டும். நான் அகதிப் பிள்ளையாக நோர்வேயில் வளர்ந்தவள். அங்கே சைக்கிள் பழகிய கையோடு இதையும் பழகினேன். கல்யாணம் கட்டி இங்கே வந்தபிறகு, சனிக்கிழமைகளில் இந்தக் கிளப்பில் பழக்குகிறேன்.

கிளப்பில் ஒரேயொரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். பதின்மூன்று வயது, வால்தம்ஸ்டோவில் வீடு. மற்றவர்களுக்கு நான் கோச், அவளுக்கு மட்டும் அன்ரி. சரியான குழப்படிக்காரி, பயம் மருந்துக்கும் கிடையாது. தை மாதம் நோர்வேயில் நடக்கும் சிறுவர் போட்டிக்கு அவளையும் தேர்ந்தெடுத்திருந்தோம்.

இலையுதிர்காலத்தில் அவள் திடீரென்று நெடுந்தூரம் பாயத் தொடங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மேடை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழும்பும் விதம் கொஞ்சமும் திருந்தவில்லை, எப்போதும்போல் பிந்தித்தான் எழும்பினாள். பிறகு அந்தத் தூரம் எங்கிருந்து வருகிறது?

பாய்கிறவர்களின் உடுப்பு உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் காற்றுப் பிடித்துத் தூக்கும், போட்டியில் விடமாட்டார்கள். அவளுடைய உடுப்புத் தொளதொளத்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் தொளதொளத்தது. மறுபடியும் தைத்தேன். மூன்றாம் முறை எடுத்த ஊசியைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

கிளப்பின் மற்றப் பயிற்சியாளர் ஓர் ஆங்கிலேயர். அவரும் அவள் மெலிவதைக் கவனித்து, அவளிடமே கேட்டிருக்கிறார். விரதம் என்றிருக்கிறாள். அதோடு மனிதர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஒதுங்கிவிட்டார். கலாசாரம் என்ற ஒரு சொல் போதும், இந்த ஊரில் எல்லோர் வாயும் மூடிக்கொள்ளும்.

விரதம் என்பது பொய்யில்லை. கந்தசஷ்டியின்போது கிளப் வேலியோரம் நின்று தாய்தான் சொன்னார், முகமெல்லாம் பூரிப்பாக.

"தானா விரதம் பிடிக்கிறாள், தங்கச்சி. நான் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. இந்த ஊரிலை வளருற பிள்ளை, பாருங்கோ!"

மனோர் பார்க் கோவிலில் பெண்கள் அவள் கன்னத்தைத் தடவித் தடவிப் புகழ்ந்தார்களாம். கேட்டபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கந்தசஷ்டியின் கடைசி நாள், சூரன்போர் முடிந்தது. மறுநாள் காலையில் விரதக்காரர் எல்லோரும் பாறணைச் சாப்பாடு சாப்பிட்டு விரதத்தை முடித்தார்கள். அவள் முடிக்கவில்லை. செவ்வாய் என்றாள், வெள்ளி என்றாள். அப்புறம் பிள்ளையாருக்குப் பெருங்கதை விரதம் வந்தது, அது இருபத்தொரு நாள். அதற்குப் பின்னால் திருவெம்பாவை வரிசையில் நின்றது. நம்முடைய பஞ்சாங்கத்தில் விரதத்துக்கா பஞ்சம்? ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்காது.

பெருங்கதை நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, மேடைக்கு ஏறும் படியில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் கண் என்னில் நிற்கவில்லை.

"தலை சுத்துதோ, பிள்ளை?"

"நோ அன்ரி, ஐ'ம் ஃபைன்."

அந்த நிலையில் அவளை மேலே விடுவதாக இல்லை. சறுக்குப் பலகைகளைப் பிடுங்கி வைத்துவிட்டு, காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழிநெடுக ஒரே கேள்விதான் கேட்டாள், நோர்வேக்குப் போக விடுவீர்களா என்று.

படியில் நடந்ததையும், விரதத்தை நிறுத்த வேண்டும் என்பதையும் நான் சொன்னதும் தாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சாமி விசயம், தங்கச்சி. அதிலை கை வையாதேங்கோ."

"நான் சாமியோடை சண்டைக்கு வரேல்லை, அக்கா. கந்தசஷ்டிப் பாறணையிலை இவள் சாப்பிட்டதை நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?"

கண்டதாகச் சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லவில்லை. பிறகு குசினிக்குள் போய், சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியுமாக ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து மகளுக்கு முன்னால் வைத்தார்.

"பெருங்கதைக்கு ஒரு நேரம் சாப்பிடலாம். விரதச் சாப்பாடுதான், பிள்ளை. சாப்பிடு."

"பிறகு சாப்பிடுறன், அம்மா."

"இப்ப சாப்பிடு."

அவள் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள். அந்த மேடை உயரத்திலிருந்து சிரித்துக்கொண்டு குதிக்கிற பிள்ளை, ஒரு கோப்பைச் சோற்றைப் பார்த்து நடுங்கினாள்.

தாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது, என்னிடம்தான் பேசினார்.

"சின்ன வயசிலை இருந்து விரதம் பிடிக்கிறன், தங்கச்சி. பாறணை அண்டைக்குக் காலமை சோத்து மணம் வந்தாலே எனக்குக் கை நடுங்கும். அவ்வளவு பசி. விரதம் எண்டால் பசிக்க வேணும். இவளுக்குப் பசிக்கேல்லை."

மகளின் ஸ்வெட்டர் கையை மெல்ல மேலே இழுத்தார். உள்ளே இன்னொரு ஸ்வெட்டர். அதையும் இழுத்தார். குச்சிபோலிருந்த கையைப் பார்த்துவிட்டு இரண்டையும் பழையபடி இறக்கிவிட்டார். அழவில்லை. நேரே போய்த் தொலைபேசியை எடுத்து, மருத்துவ உதவிக்கு அழைக்கும் எண்ணை அழுத்தினார். இத்தனை வாரமாக ஊரெல்லாம் பிள்ளை விரதம், பிள்ளை விரதம் என்று சொன்னவர், முன்பின் தெரியாத யாரோ ஒருவரிடம் ஆங்கிலத்தில், என் மகள் சாப்பிடுகிறாள் இல்லை என்று சொன்னார். அவருக்கு விளங்கவில்லை போலும், திரும்பவும் சொன்னார்.

மகள் அதைக் காதில் வாங்கவேயில்லை. பெருவிரலாலும் நடுவிரலாலும் தன் மேற்கையை வளைத்துப் பிடித்து, இரண்டு விரலும் தொடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.