சார்ஜன்ட்டும் வழிப்போக்கியும்

மிந்தோ பள்ளத்தாக்கின் சுகாதார நிலையத்தில் முப்பத்தொரு வருடம் துணைச் செவிலியாக இருந்தவள் டெல்ஃபினா திப்பான். வேலித் தகராறில் வெட்டிக்கொண்டு வந்த அண்ணன் தம்பிகளை அடுத்தடுத்த கட்டிலில் கிடத்திக் கட்டுப்போட்டவள். கட்டுப்போடும்போதும் அவர்கள் திட்டிக்கொண்டால் துணியை இன்னும் ஒரு சுற்று இறுக்குவாள்.

ஓய்வுக்குப் பிறகு அவளுக்கு ஒரே நோயாளி, கணவன் லியோனிதாஸ். கூரையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவன். அவன் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று, சன்னலுக்கு வெளியே காட்டுவாழைப் புதரில் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி ஒன்றைத் தொங்கவிட்டாள். அங்கேதான் தப்பு செய்தாள். அதே புதரில் ஓர் இலையின் அடியில் வளைமூக்கு ரீங்காரச்சிட்டு கூடு கட்டி இரண்டு குஞ்சுகளோடு இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

மறுநாளே செவ்வால் ரீங்காரச்சிட்டு ஒன்று குப்பியைப் பிடித்துக்கொண்டது. லியோனிதாஸ் அதற்கு சார்ஜன்ட் என்று பெயர் வைத்தான். இரண்டும் ரீங்காரச்சிட்டுதான் என்றாலும் பிழைப்பு வேறு. செவ்வாலுக்குச் சொந்தமாக ஓர் இடம் வேண்டும். உள்ளே வருகிறவனைக் குத்தும். வளைமூக்குக்கு இடம் கிடையாது, வழிதான் உண்டு. ஓடையோரமாகப் பூப்பூவாக நின்று, தேனை வாங்கிக்கொண்டு போய்விடும்.

தாய் கூட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் சார்ஜன்ட் பாய்ந்தான். கழுத்தில் குத்தினான். காலால் பற்றித் தரையில் உருட்டினான். சன்னல் கண்ணாடியில் ரத்தப் பொட்டு தெறித்தது.

"கிழவி! கொல்றான் பாரு!"

"கத்தாத கிழவா, கண்ணு எனக்கும் இருக்கு."

குப்பியைக் கழற்றினாள். சார்ஜன்ட்டுக்கு வெறி இன்னும் ஏறியது. குப்பி போனதும் புதரின் பூக்களைக் காவல் காத்தான். தாயின் ஒரு கண்ணைக் குத்தித் துளைத்துவிட்டான். குஞ்சுகள் காலையிலிருந்து வாய் பிளந்தபடி கிடந்தன.

"கவட்டை எடுத்து அடி அவனை," என்றான் லியோனிதாஸ்.

"இவன் செத்தா நாளைக்கு இன்னொருத்தன் வருவான். இடம் அப்படியேதான இருக்கு."

வெட்டரிவாளோடு வெளியே போனாள். சிவந்த பூத்தண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். சார்ஜன்ட் அவள் நெற்றியில் வந்து மோதினான், புறங்கையால் தட்டிவிட்டாள். இலைகளை மட்டும் விட்டுவைத்தாள்.

"என் சன்னலை மொட்டையடிச்சிட்டியே, பாவி! வேற என்ன இருக்கு நான் பாக்க?"

"என்னைப் பாரு."

"நாப்பது வருஷமா பாக்குறேன்."

காக்க ஒன்றுமில்லாத இடத்தைச் சார்ஜன்ட் மூன்று முறை சுற்றினான். பிறகு பக்கத்து வீட்டுச் செம்பருத்திக்குப் போய், அங்கிருந்த இன்னொரு செவ்வாலோடு கட்டிப் புரண்டான். வளைமூக்குக்கு அந்தப் பூக்கள் ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. ஓடைப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணோடு வந்தது. கூட்டை ஒருமுறை தவறவிட்டு, மறுமுறை சரியாகப் பிடித்து, குஞ்சின் தொண்டைக்குள் அலகை இறக்கியது.

"ஒண்ணுதான் வாயத் திறக்குது," என்றான் லியோனிதாஸ்.

"இன்னொண்ணு மத்தியானமே போயிருக்கும்."

நெற்றிக் கீறலில் சாராயத்தை ஒற்றிக்கொண்டாள். பிறகு முதுகில் புண் வராமலிருக்க அவனைச் சன்னல் பக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்தாள்.