பன்னிக்குத்தான்

தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுவிட்டு மெக்கானிக் போன பிறகும் அந்த வாசனை போகவில்லை. ஆனைக்கரையில் அப்பா நடத்திய துப்பாக்கிக் கடையின் வாசனை அது. கூடவே ஈரச் சுவரும், ஏலக்காய் உலர்த்தும் புகையும், அந்தியில் மலையில் வெடிச்சத்தம் கேட்டால் கடைக்குப் பின்னாலிருந்த எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து அம்மா சொல்லும் "பன்னி எறங்கிருச்சு"வும் வந்துவிடும்.

தோட்டா வாங்குபவர்களிடம் எதற்கு என்று அப்பா கேட்பார். தோட்டத்தை அழிக்க இறங்கும் காட்டுப்பன்றியை விரட்டத்தானே வாங்குவது; எல்லோரும் பன்னிக்கு என்பார்கள். அன்றைய விற்பனையை அன்றே ரெஜிஸ்டரில் ஏற்றியாக வேண்டும் என்பதால், பகலெல்லாம் துண்டுத்தாளில் கிறுக்கியதை விளக்கு வைக்கிற நேரத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார். அந்த ஒரு வார்த்தையை அவர் கை தானாகவே எழுதும்.

ஒரு மழைநாள் மத்தியானம், மலை மேலே குடியிருந்த அந்தோணி மாமாவும், "பன்னிக்குத்தான் அண்ணாச்சி" என்று சிரித்து, என் கையில் கடலை மிட்டாய் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

சாயங்காலம் அவர் பெயரை எழுதி, அந்த வார்த்தையைப் பாதி எழுதியபோது அப்பாவின் பேனா நின்றது.

"அவந்தான் போன மாசமே தோட்டத்த வித்துட்டானே," என்றார், யாரிடமும் இல்லாமல். "வெரட்டுறதுக்கு அவனுக்கு ஏது பன்னி?"

ஷட்டரை இறக்காமல், பேனாவைக்கூடக் கீழே வைக்காமல் மழையில் ஓடினார். அவர் மலைப்பாதை வளைவைத் தாண்டுவதற்குள் மேலே ஒரு வெடிச்சத்தம் கேட்டது.

அடுப்படியில் அம்மா தலை நிமிராமல் சொன்னாள்: "பன்னி எறங்கிருச்சு."