மரியநேசன் மாஸ்டரின் வெறும் பெட்டி

பயணத்துக்குச் சாமான் கட்டுவதை ஒரு சாத்திரமாகவே ஆராய்ந்தவர் முல்லைத்தீவுக் கரையில் ஒருவர்தான் இருந்தார். தற்காலிக ஆசிரியர் மரியநேசன். கொழும்புக்குப் போக, உடுக்க ஒரு சேட்டும் ஒரு சாரமும் போதும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையால் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எங்கள் ஊரில் கொழும்புக்குப் போகிறவனுடைய கை சும்மா இருக்கக்கூடாது. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குக் காயவைத்த பனங்கிழங்கு ஒடியலும் தேனும் கருவாடும் அனுப்பக் காத்திருக்கும் தாய் தகப்பன்மார், பஸ் தரிப்பிடத்தில் ஆளின் முகத்தைப் பார்க்க முன்னர் கையைத்தான் பார்ப்பார்கள். 1960இல் நிரந்தர நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு மாஸ்டர் ஒரு துணிப்பையோடு புறப்பட்டார். ஏழு பொட்டலங்களோடு போய்ச் சேர்ந்தார். வழியில் தேன் போத்தலின் தக்கை கழன்று, சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பரீட்சகர்கள் அவற்றைப் பிரித்தெடுக்கச் சற்று நேரம் முயன்றுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

மறுவருடமும் கடிதம் வந்தது. வயதெல்லையின்படி இதுவே கடைசித் தடவை. மாஸ்டர் மூன்று நாள் யோசித்தார். பாரமில்லாமல் போவதென்றால் பெரிய பாரத்தோடு போவதாகக் காட்டவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். மனைவி புனிதத்தின் சீதனத்தோடு வந்த பெரிய தகர றங்குப்பெட்டியை இறக்கி, ஒரு சேட்டையும் சான்றிதழ்களையும் உள்ளே போட்டுப் பூட்டினார். தரிப்பிடம்வரை ஒரு பக்கம் சரிந்து, மூச்சு வாங்கி நடந்தார்.

வித்தை பலித்தது. பொட்டலங்களோடு நின்றவர்கள் பெட்டியைப் பார்த்து ஒதுங்கினார்கள்.

ஆனால், அவ்வளவு பெரிய பெட்டியை ஊர் சும்மா விடுமா?

"ஒருநாள் சோதினைக்கு உவ்வளவு பெட்டியோ?" என்றாள் கருவாட்டுப் பொட்டலத்தோடு நின்ற செபமாலை. "மனிசி பிள்ளையளை விட்டிட்டுக் கப்பலேறப் போறார் போல."

பஸ் வெளிக்கிட முன்னரே அந்தக் கதை கடற்கரைக்குப் போய்விட்டது. புனிதத்தின் தமையன் சூசைப்பிள்ளை வலையைப் போட்டது போட்டபடி விட்டு, ஈரச் சாரத்தோடு வந்து நின்றார்.

"மச்சான், பெட்டியைத் திறவுங்கோ."

"ஏன் மச்சான், பஸ் வெளிக்கிடப்போகுது."

"அது என்ர தங்கச்சியின்ர பெட்டி. திறவுங்கோ."

சாரதி இயந்திரத்தை நிறுத்தினார். அவருக்கும் விடயம் தெரியவேண்டியிருந்தது.

பெட்டி திறந்தது. உள்ளே ஒரு சேட்டும் சான்றிதழ்களும். ஒரு குடும்பத்தின் மானம் காப்பாற்றப்பட்டதை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சூசைப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

செபமாலை எட்டிப் பார்த்தாள். "அப்ப இடமிருக்கு" என்றாள்.

அவள் அதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் பெட்டி விளிம்புவரை நிறைந்தது. முதற் பொட்டலம் சூசைப்பிள்ளையினுடையது. மாஸ்டர் சேட்டையும் சான்றிதழ்களையும் தப்புவித்து, பழைய பத்திரிகைத் தாளில் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மாங்குளத்தில் பஸ்ஸால் இறங்கி மெயில் ரயில் ஏறிய பிறகு நெடுநேரம் யோசித்தார். கக்கத்தில் இருப்பதுதான் தன்னுடைய சாமான். மற்றப்படி, பயணம் போவது ஊர்தான். தான் கூடப் போகிறார், அவ்வளவுதான். விடிய, கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் சாமான் வைக்கும் அறையில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, உடை மாற்றிச் சுருளோடு பரீட்சைக்குப் போனார்.

"முல்லைத்தீவில் இருந்தா வருகிறீர்? உம்முடைய சாமான்கள் எங்கே?" என்று கேட்டார் தலைமைப் பரீட்சகர்.

"என்ர சாமான் இவ்வளவும்தான், ஐயா."

பரீட்சகர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "தேவைகளைச் சுருக்கிய மனிதர். வசதியில்லாத பள்ளிக்கூடத்துக்கு இப்படி ஒருவர்தான் வேண்டும்." காட்டோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நியமனம் அங்கேயே முடிவாயிற்று.

மாஸ்டர் ஸ்டேசனுக்குத் திரும்பியபோது, மற்றப் பெட்டிகளெல்லாம் ஒரு மூலைக்கு நகர்த்தப்பட்டு, றங்குப்பெட்டி மட்டும் அறை நடுவே தனித்திருந்தது. காவலாளி மூக்கைத் துணியால் பொத்தியிருந்தார்.

"இது உங்களுடைய பெட்டியா?"

"ஊரின்ர பெட்டி" என்றார் மாஸ்டர்.

தூக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சரிந்து நடந்தார். இம்முறை அதில் நடிப்பு இல்லை.