கட்டிலிலிருந்து விழாத குழந்தை

டயப்பர் மாற்றும்போதுதான் ஜெனி பார்த்தாள். மூன்று மாதக் குழந்தை வலது காலால் ஜோராக உதைக்கிறாள், இடது கால் ஏனோதானோவென்று கிடக்கிறது. தொடையை விரித்தால் அந்தப் பக்கம் பாதியில் நின்றுவிடுகிறது.

"சோம்பேறிக் கால்மா, தானா சரியாயிடும்" என்றாள் மாமியார் புஷ்பம். சிட்லபாக்கம் வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான். ஜெனி கேட்கவில்லை. கணவன் டெனிஸை இழுத்துக்கொண்டு தாம்பரத்தில் எலும்பு டாக்டரிடம் போனாள். புஷ்பமும் கூடவே வந்தாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "இடுப்பு மூட்டு விலகியிருக்கு. பெல்ட் போட்டா சரியாயிடும், நடக்க ஆரம்பிச்சப்புறம் வந்திருந்தா ஆபரேஷன்தான். குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"அருள்மேரி அத்தை கொஞ்சம் நொண்டி..." என்று டெனிஸ் இழுத்தான்.

"அவ சின்ன வயசுல மாடிப்படியில விழுந்தவ! எங்க பரம்பரையில அதெல்லாம் கிடையாது" என்று புஷ்பம் வெட்டினாள்.

காலை மடக்கி, அகட்டிப் பிடிக்கிற பெல்ட். நான் சொல்லாமல் கழற்றவே கூடாது என்றார் டாக்டர். புஷ்பத்துக்கோ ஞானஸ்நானக் கவலை. டெனிஸ் போட்ட அதே வெள்ளை கவுனைப் பேத்தியும் போட வேண்டுமாம், பெல்ட்டோடு அது நுழையாதாம். "ஒரு மணி நேரம் கழட்டினா குடியா முழுகிடும்? போட்டோல அசிங்கமா தெரியும்ல?"

அசிங்கமாம்! பெற்ற பிள்ளை நடப்பாளா என்று இவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் போட்டோ. தூ! டெனிஸ் மோட்டுவளையைப் பார்த்தான். ஜெனி கத்தரிக்கோலை எடுத்து, அந்தப் பரம்பரை கவுனை இரண்டு பக்கமும் இடுப்பு வரை வெட்டினாள்.

ஞாயிறு காலை சர்ச் வாசலில் கூட்டம். "ஐயோ, குழந்தை காலுக்கு என்னாச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கட்டில்லேருந்து விழுந்துட்டாம்மா" என்றாள் புஷ்பம், கண் இமைக்காமல், பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு.

பச்சைப் பொய்! அதுவும் கோயில் வாசலில்.

பக்கத்தில் அருள்மேரி அத்தை நின்றிருந்தாள், கல்யாணமே ஆகாமல் அறுபதைத் தொட்டவள். இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து வந்து குழந்தையின் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"நானும் விழுந்துட்டேன்னுதான் ஊரெல்லாம் சொன்னாங்க, ஜெனி. டாக்டர்கிட்ட மட்டும் கூட்டிட்டுப் போகல" என்றாள். "நான் எங்கேயும் விழலம்மா."