துதிக்கை குட்டையான யானை

வேலணையில் என் வீட்டுக்கு, என் பழைய வெள்ளி ரூபாயைப் பார்க்க, நாணய அச்சுகளின் வேறுபாடு தெரிந்த ஒருவர் புங்குடுதீவிலிருந்து வந்தார். ஒல்லியான மனிதர். நாணயத்தைத் தொடுமுன் சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டார். ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டும் கள்ளனின் நடிப்பு என்று நினைத்தேன்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, இந்த ரூபாயிலை ராசாவின்ரை அங்கியிலை இருக்கிற யானைக்குத் துதிக்கை நீளம். இது பிந்தின அச்சு."

"என்ரை ரூபாயிலை துதிக்கை கட்டை. யானை பண்டி மாதிரி இருக்கும். நீர் மாத்திப்போட்டீர்!"

"இல்லை ஐயா. என்ரை பொக்கற்றைப் பாருங்கோ."

பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்போதும் நம்பாமல் அனுப்பிவிட்டேன்.

மறுவாரம், யானை பன்றி போலிருக்கும் அந்தக் குட்டைத் துதிக்கை ரூபாய் என் அலுமாரியிலேயே கிடந்தது. என்னிடம் இரண்டு இருந்ததை மறந்து, மற்றதை நானே நீட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க, அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

கைகளைச் சுருட்டும் அந்தப் பழக்கத்தை, என்னைப் போன்ற எவரோ முன்பே அவருக்குப் பழக்கியிருக்க வேண்டும்.